கையெழுத்து என்னுடையதுதான்

4ஆம் லயம், கீழ்ப்பிரிவு,
மணிக்காவத்தைத் தோட்டம்,
புளத்கொகுபிட்டிய.
2025.02.09

குழுத் தலைவி றமீலா அம்மையாருக்கு,

கலைச்செல்வி எழுதுகிறேன். கிழிக்கத்தான் போகிறாய் என்றால் முதலில் படித்துவிட்டுக் கிழி. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், இதை எழுத இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது. போன் பண்ணிப் பார்த்தேன், மணிகூட அடிக்கவில்லை. என் நம்பரை நீ அடைத்து வைத்திருக்கிறாய் என்று மகள் சொன்னாள். ஆறு வருடமாகவா? அந்தப் பிடிவாதத்தில் பாதியைக் கடையில் காட்டியிருந்தால் உன் வீட்டுக்காரர் மக்கீன் நானா இன்றைக்கு மாடிக்கடை கட்டியிருப்பார்.

விலாசம் கபூர் நானா கொடுத்தார். மரக்கறி லொறியில் கிழமைக்கு இரண்டு தடவை ரம்புக்கனைக்கு வருகிறாராம். நீ தங்கச்சி வீட்டில் இருக்கிறாய், தையல் தைக்கிறாய், மெலிந்துவிட்டாய் என்றார். கடைசியாகச் சொன்னதை நான் நம்பவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் முழங்கால் இரண்டும் வேலைக்கு வர மாட்டேன் என்கின்றன. இருபத்தொன்பது வருடமாக ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறேன். குனிந்து வெட்டிய மரத்திலிருந்து நிமிர்வதற்குள் அடுத்த மரத்துக்காரி பால் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போய்விடுகிறாள். டவுன் வங்கியில் பால்மாட்டுக் கடன் கொடுக்கிறார்கள். ஏப்ரல் முப்பதோடு முடிகிறது. பண்டா மாத்தயாவிடம் ஒரு மாடு பார்த்து வைத்திருக்கிறேன். வெள்ளையும் கறுப்பும். உன்னைப் போலத்தான், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. அது கிடைத்தால் மரத்தை விட்டுவிடலாம் என்று இருந்தேன்.

வங்கி மிஸ் கம்பியூட்டரைத் தட்டினாள். தட்டத் தட்ட முகம் மாறியது. "அக்கா, ஒங்க பேர்ல பழைய லோன் ஒண்ணு கட்டாம கெடக்கு. கிரிப் ரிப்போட்ல செவப்புல வருது" என்றாள். யார் எங்கே கடன் பட்டார்கள் என்று பதிந்திருக்கும் அந்த ரிப்போட்டைக் காசு கட்டி எடுத்தேன். முழுக்க இங்கிலிஸ். மிஸ்தான் விரல் வைத்து வாசித்துச் சொன்னாள். 2018 ஜூன் மாதம், நம் கிழமைக்கடன் கம்பனியில், ஐம்பதாயிரம். கட்டாத மிச்சம் இருபத்துநாலாயிரத்து எழுநூறு. "தவறா இருந்தா எழுதிக் குடுத்துத் திருத்தலாம்" என்றாள்.

தவறுதான். நான் எடுத்தது ஒரே ஒரு கடன், கூரைத் தகரத்துக்கு. அதைக் கடைசிச் சதம் வரை கட்டினேன். புத்தகத்தில் கோடு போட்டு மூடியது நீ. இந்த இரண்டாவது எங்கிருந்து வந்தது? நம் குழுவில் ஐந்து பேருடைய அடையாள அட்டைப் பிரதியும் உன் பிஸ்கட் டின்னுக்குள்தான் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, டின்தான் சொல்கிறது.

எடுத்திருந்தால் எடுத்தேன் என்று ஒரு வரி எழுது. சண்டை பிடிக்க எனக்கு இப்போது தெம்பு இல்லை. மாடு மட்டும் வேண்டும்.

கலைச்செல்வி


ரம்புக்கனை.
2025.02.20

திருமதி கலைச்செல்வி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

உங்கள் பெயரில் நான் எந்தக் கடனும் எடுக்கவில்லை. கடன் தாள் கேகாலையில் கம்பனி அலுவலகத்தில் இருக்கும். ரிப்போட்டில் பெயர் உள்ளவர் போய்க் கேட்டால் காட்ட வேண்டும். போய் அதில் இருக்கும் கையெழுத்தைப் பாருங்கள். பார்த்த பிறகு யாரை என்ன சொல்வது என்று முடிவெடுங்கள். சென்ற முறை பார்க்காமலே சொன்னீர்கள்.

மாடிக்கடை பற்றி எழுதியிருந்தீர்கள். என் கணவர் இப்போது இன்னொருவர் கடையில் சம்பளத்துக்கு அரிசி நிறுக்கிறார். அவர் இல்லாத நேரத்தில்தான் இந்தக் கடிதத்தைப் பிரித்தேன்.

றமீலா


மணிக்காவத்தை.
2025.03.09

றமீலா,

"நீங்கள்" போட்டு எழுதியிருக்கிறாய். தோட்டத்துத் துரைகூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. வாசித்ததும் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன்.

மக்கீன் நானா விஷயம் எனக்குத் தெரியாது. வாய் இருக்கிறதே என்று எழுதிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கேகாலைக்குப் போனேன். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை, பேர் போடவில்லை, சம்பளமும் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போய், கம்பனியில் உட்கார இடமில்லாமல் மத்தியானம் வரை நின்றேன். டை கட்டிய ஒரு பையன் வந்தான். நம் காலத்து லோன் மாத்தயா எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டாராம். பைலைத் தேடி எடுத்து என் முன்னால் திருப்பி வைத்தான். "மேக்க ஒயாகே அத்சனத?" என்று கேட்டான், இது உங்கள் கையெழுத்தா என்று.

றமீலா, கையெழுத்து என்னுடையதுதான்.

"கலை" என்று எழுதி, லை-க்குக் கீழே வால் போல ஒரு கோடு இழுப்பேனே, அந்த வால் இருந்தது. அதை வேறு யாராலும் போட முடியாது. அந்த வாலுக்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவள் நான்.

ஆனால் சாமி சத்தியமாக அந்தக் காசு என் கைக்கு வரவில்லை. ஐம்பதாயிரம் வந்திருந்தால் மறப்பேனா? ஐந்நூறு ரூபாய் வந்ததையே தேதியோடு சொல்லுவேன்.

பையன் ஒரு படிவம் கொடுத்தான். அதில் இரண்டு கட்டம். முதல் கட்டம், இந்தக் கடன் என்னுடையது அல்ல. இரண்டாவது கட்டம், கடன் என்னுடையது, கட்டி முடித்துவிட்டேன். "மொதல் கட்டத்துல சரி போடுங்க அக்கா. குழுத் தலைவி ஏமாத்திட்டான்னு பொலிஸ்ல ஒரு என்ட்ரி போட்டுட்டு வாங்க. ரெண்டு கிழமையில பேரக் கழட்டிரலாம். ரெண்டாவதுன்னா காசு கட்டின துண்டு வேணும், அது இதுன்னு ரெண்டு மாசம் இழுக்கும்" என்றான். இரண்டு மாதம் என்றால் மாட்டுக் கடன் மூடிவிடும்.

படிவம் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. இன்னும் ஒன்றிலும் சரி போடவில்லை. நான் எப்போது இந்தக் கையெழுத்தைப் போட்டேன்? உனக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் போய்ப் பார் என்று எழுதினாய். தெரிந்ததைச் சொல்லு.

கலை


ரம்புக்கனை.
2025.03.16

கலை,

நோன்பு வைத்துக்கொண்டு பழையதைக் கிண்டக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ பொலிஸ் என்று எழுதிய பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இலட்சுமியை நினைவிருக்கிறதா? உன் லயத்தில் பக்கத்துக் காம்பரா, வேலுசாமியின் மனைவி. அவள் பிறந்ததைத் தோட்டத்தில் யாரும் பதியவில்லை. அதனால் அடையாள அட்டை இல்லை. மூன்று முறை விண்ணப்பித்தும் திரும்பி வந்தது. வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னபோது கொழும்புக்குப் போகவும், வெளியில் ஸ்கேன் எடுக்கவும், மருந்துக்கும் அவளுக்குக் காசு தேவைப்பட்டது. அட்டை இல்லாதவளுக்குக் கம்பனி கடன் தராது. என் கடையில் வைத்து அதைப் பேசிக்கொண்டிருந்தோம். நீ கிளிசரின் சவர்க்காரம் வாங்க வந்தாய். என்ன சொன்னாய் தெரியுமா? "அந்த அட்டையில இருக்கிற மூஞ்சிய எம் புருசனே நான்னு நம்ப மாட்டாரு. லெச்சுமின்னு சொன்னா எவனுக்குத் தெரியப்போகுது? எங்கன கையெழுத்துப் போடணும், காட்டு." இலட்சுமி அழுதுகொண்டே சிரித்தாள். அந்தக் கிழமையே நீ கையெழுத்துப் போட்டாய். காசை என் கல்லா மேசையில் வைத்து அவளிடம் கொடுத்தேன்.

அவள் முப்பத்தொரு கிழமை கட்டினாள். ஒரு கிழமைகூடத் தவறவில்லை. அடுத்த வருடம் தை மாதம் மௌத்தானாள்.

ஆள் இறந்தால் கடன் தள்ளுபடி என்று லோன் மாத்தயா சொல்லியிருந்தார். உங்களுக்கெல்லாம் அதுதான் தெரியும். ஆனால் தாளில் இலட்சுமி என்று ஒருத்தியே இல்லை. தாளில் இருந்தவள் நீ. நீ உயிரோடு இருந்தாய். மிச்சம் பத்தொன்பது கிழமை. உண்மையைச் சொன்னால் அட்டையைக் கொடுத்த நீதான் முதலில் மாட்டுவாய். வேலுசாமியிடம் கேட்கலாம் என்றால், கடன் விஷயம் அவருக்கும் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டாம் என்று அவள் என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். தையல் மெஷினை விற்றேன். கிழமைக்கு ஆயிரத்து முந்நூறு, பத்தொன்பது கிழமை நான் கட்டினேன். புதிதாய் வந்த லோன் மாத்தயா கையால் துண்டு எழுதிக் கொடுத்தார். அவர் கம்பியூட்டரில் ஏற்றவில்லை போலும். உன் ரிப்போட்டில் உள்ள தவறு அதுதான்.

அந்த நாட்களில்தான் என் சொந்தக் கடனில் சில தவணை பிந்தியது. அந்த லோன் மாத்தயா லயத்து வாசலில் எல்லாருக்கும் முன்னால், கட்டாதவள் என்று என் பேரைச் சொன்னார். நீ உடனே, "எங்க காசெல்லாம் கல்லாவுக்குள்ள போயிருச்சுங்க மாத்தயா, தலைவி இப்ப தவணையிலதான் சோறாக்குறா" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நீ பகிடிக்குத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் சிரித்துவிட்டுப் போனவர்கள், என்னிடம் கொடுத்த தவணை எங்கே போனது என்று வீட்டில் போய் யோசித்தார்கள். அடுத்த கிழமை கடைக்குப் பாதிப் பேர் வரவில்லை. அதற்கடுத்த கிழமை மிச்சப் பேரும் வரவில்லை. ஒரு வருடம் தாக்குப்பிடித்துப் பார்த்தோம்.

துண்டுகள் என்னிடம் இருக்கின்றன. அனுப்புவதா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை. உனக்கு எந்தக் கட்டம் வசதியோ அதில் சரி போடு. எனக்குக் களைத்துவிட்டது.

றமீலா


மணிக்காவத்தை.
2025.03.23

றமீலா,

கடிதத்தை ஸ்டோருக்குப் பின்னால் நின்று வாசித்தேன். பால் வாளியைக் கீழே வைக்க மறந்து, தோள் வலித்த பிறகுதான் வைத்தேன்.

சவர்க்காரம் வாங்க வந்ததுகூட நினைவு வந்தது. நான் அதைக் கடன் என்று நினைக்கவேயில்லை, றமீலா. அது இலட்சுமியின் கடன். என் அட்டை, என் கை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரிக்கு மண்வெட்டி கொடுத்தோம், வேலை முடிந்தது, திரும்பி வந்தது என்பது போலத்தான் என் மனதில் இருந்தது. நீ கடன் எடுத்தாயா என்று யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன், பொய் சொல்கிறோம் என்று தெரியாமலே.

மற்றதுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டு நான்கு வரி எழுதினேன். வாசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு பகிடி வந்து உட்கார்ந்திருக்கிறது. கிழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தேன். நேற்றுக் காலைப் பெரட்டில், எல்லாரும் கத்தியும் வாளியுமாய் வேலை பிரிக்கக் காத்து நின்ற நேரம், சுப்பவைசர் ஐயா முன்னால் போய் நின்றேன். "ஒரு விசயம் சொல்லணும்" என்றேன். நான் வாயைத் திறந்ததும் வழக்கம் போலச் சிரிக்கத் தயாரானார்கள். "றமீலா நம்ம காச ஒரு சதம்கூடத் தொடல. எங் கடன அவதான் கட்டுனா, மெசின வித்துக் கட்டுனா. நாந்தான் வாய்க்கு வந்தத சொன்னேன்" என்றேன். இலட்சுமி பேரை எடுக்கவில்லை. வேலுசாமி மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவை நான் பேசி யாரும் சிரிக்காமல் இருந்தது. சுப்பவைசர்தான் "சரி சரி, மலைக்குப் போங்க" என்றார். மலை ஏறும்போது, உன் கடையை விட்டு இப்போது றிஸ்மியாவின் கடைக்குப் போகும் மூன்று பேர் என் பக்கத்தில் வந்து, "அது நெசமா அக்கா?" என்று கேட்டார்கள். நிசம் என்றேன்.

படிவத்தில் இரண்டாவது கட்டத்தில் சரி போட்டுவிட்டேன். கடன் என்னுடையது, கட்டி முடிந்தது. பேனாவால் போட்டேன், இனி அழிக்க முடியாது. துண்டு அனுப்புவதும் அனுப்பாததும் உன் விருப்பம். நீ அனுப்பாவிட்டால் நானே இன்னொரு தடவை இருபத்துநாலாயிரத்து எழுநூறையும் கட்டிக்கொள்கிறேன். மாடு கொஞ்சம் தள்ளிப் போகும். அதற்கென்ன, அது புல் தின்றுகொண்டுதான் இருக்கும்.

கலை


ரம்புக்கனை.
2025.04.04

கலை,

பெருநாள் முடிந்து இரண்டாவது நாள் உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பெரட்டில் நீ பேசிய இடம் வந்ததும், "இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தேன். பிறகு எழும்பி வெளியில் போய்விட்டார். திரும்பி வந்து, "அந்தத் துண்டுகள ரெஜிஸ்டர்ல அனுப்பு, சும்மா தபால்ல போட வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

தவணைப் புத்தகமும் பத்தொன்பது துண்டுகளும் இதோடு வருகின்றன. தேதி வாரியாகக் கோத்திருக்கிறேன், பிரிக்காதே. ஒவ்வொன்றிலும் கம்பனி முத்திரை இருக்கிறது. கேகாலையில் கொடுக்கும்போது பிரதியைக் கொடு, மூலத்தைக் கையை விடாதே. வாங்கிக்கொண்டதற்கு ஒரு எழுத்தும் கேள். தர மாட்டான். தரும்வரை நகராமல் நில். சிரிக்க வைத்து வாங்கப் பார்க்காதே.

முழங்காலுக்கு இரவில் வேப்பெண்ணெய் சூடாக்கிப் போடு.

இன்னொன்றும் எழுத இருந்தது. எழுதி வெட்டிவிட்டேன். துண்டுகள் முதலில் போகட்டும்.

றமீலா


மணிக்காவத்தை.
2025.05.18

றமீலா,

நான்கு தடவை கேகாலை. நான்கு நாள் பேர் இல்லை. எழுத்துத் தர மாட்டேன் என்றான், நகராமல் நின்றேன். முழங்கால் வலியில் நகர முடியாமலும் நின்றேன், அவனுக்கு அது தெரியாது. தந்தான்.

புது ரிப்போட் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வங்கி மிஸ் வாசித்தாள். ஐம்பதாயிரம், முடிந்தது, நிலுவை இல்லை. சிவப்பு போய்விட்டது. மாட்டுக் கடன் ஏப்ரல் முப்பதோடு மூடிவிட்டார்கள். அது தெரிந்ததுதான். ஆனால் ஆகஸ்டில் மறுபடி திறப்பார்களாம். "இப்பவே பேர எழுதி வைங்க மிஸ்" என்றேன். அவளும் எழுதத் தொடங்கினாள். அப்படியே இரண்டாவது பக்கத்தைத் திருப்பினாள். முதல் தடவை சிவப்பைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டாளாம், பின்பக்கம் பார்க்கவில்லை.

பின்பக்கத்தில் நான் பிணை நின்ற கடன்கள் இருக்கின்றன. அதில் ஒன்று உன்னுடையது. நாற்பதாயிரம். மிச்சம் பதினேழாயிரத்து அறுநூறு. 2019இலிருந்து கட்டவில்லை.

நீ எழுதி வெட்டியது இதைத்தானே? இலட்சுமியுடையதைக் கட்ட மெஷினை விற்றாய், உன்னுடையது நின்றுவிட்டது. என்னுடைய பேரைச் சுத்தமாக்கிவிட்டு உன் பேரை அழுக்கில் விட்டிருக்கிறாய். இவ்வளவு கெட்டிக்காரியைத்தான் நாங்கள் தலைவியாகப் போட்டோம்.

மிஸ் நல்ல பிள்ளை. குரலைக் குறைத்துக்கொண்டு, "அக்கா, இதுவும் தவறா? தவறுன்னா எழுதிக் குடுங்க, ஆகஸ்டுக்குள்ள பார்க்கலாம்" என்றாள். முதல் தடவை போல இதற்கும் ஒரு வழி இருக்கும் என்றுதான் அவள் பார்வையில் இருந்தது. எனக்கும் ஒரு நொடி மனம் போனது. பொய் சொல்ல மாட்டேன், போனது. முழங்கால் இருக்கிறதே, அது எல்லாவற்றையும் யோசிக்க வைக்கும்.

"இல்ல மிஸ், இது சரியாத்தான் இருக்கு" என்றேன்.

மாட்டைப் பண்டா மாத்தயா விற்றுவிட்டார். ருவன்வெல்லைப் பக்கம் போய்விட்டதாம். போகட்டும்.

கேகாலைப் பையனிடம் இதையும் கேட்டேன். என்னைப் பார்த்தாலே இப்போது நாற்காலி போடுகிறான். வட்டியை விட்டுத் தருவார்களாம். பதினேழாயிரத்து அறுநூறை எட்டு மாதத்தில் கட்டலாம், மாதம் இரண்டாயிரத்து இருநூறு. நீ ஆயிரத்து நூறு, நான் ஆயிரத்து நூறு. வேண்டாம் என்று எழுதாதே. பத்தொன்பது கிழமை நீ என் பேரில் கட்டியபோது என்னைக் கேட்டாயா? ஆகஸ்டுக்கு முடியாது. அடுத்த வருடம் பார்ப்போம். அதுவரை மரத்தையே வெட்டிக்கொண்டிருக்கிறேன், மெதுவாக.

ஒரு புதுப் படிவம் இருக்கிறது. கடன்காரியும் பிணைக்காரியும் ஒன்றாய்ப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். என் பங்கை நிரப்பிவிட்டேன். ஒரு இடத்தில் மட்டும் நின்றுவிட்டேன். "கடன் பெற்றவருக்கும் பிணையாளிக்கும் உள்ள உறவு" என்று கேட்கிறான். பழைய தாளில் "குழு அங்கத்தவர்" என்று லோன் மாத்தயா எழுதியிருந்தார். இப்போது குழுவும் இல்லை, தலைவியும் இல்லை. பேனாவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இருந்தேன். என்ன எழுதட்டும்?

கலை


ரம்புக்கனை.
2025.05.27

கலை,

வெட்டியது அதைத்தான். சொன்னால் துண்டுகளுக்கு விலை கேட்பது போல் ஆகிவிடும் என்று விட்டேன். பிணை நின்றவளின் ரிப்போட்டிலும் வரும் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் தெரியவில்லை.

ஆயிரத்து நூறுக்குச் சம்மதம். அதற்கு மேல் ஒரு ரூபாய் நீ போட்டாலும் நான் வர மாட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கேகாலை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். அவரும் வருகிறேன் என்றார். உன் நம்பரைத் திறந்து வைத்திருக்கிறேன், ஆனால் பஸ் பிந்தினால் மட்டும் கூப்பிடு. போனில் நீ பேசத் தொடங்கினால் நான் சிரித்துவிடுவேன். அதற்கு இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

உறவு என்ற இடத்தில் "குழு அங்கத்தவர்" என்றே எழுது. அதற்கு மேல் ஏதாவது எழுதினால், அந்தப் பையன் அதற்கும் துண்டு கேட்பான்.

றமீலா